ஐந்தாவது வளைவில் கரடி

ஒரு மலைக்காட்டில் தூமன் என்றொரு கரடி இருந்தது. அதனிடம் ஒரு சைக்கிள் இருந்தது. மனிதர்கள் மலைச்சாலையை மூடிவிட்டுப் போனபோது விட்டுச்சென்ற பழைய சைக்கிள் அது. கனத்த சக்கரம், அகலமான கேரியர்.

ஆற்றங்கரையிலிருந்து மலையுச்சிவரை ஏழு கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகும்போது தூமன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போகும். வளைவுக்கு வளைவு படுத்து எழும். உச்சியை அடைந்ததும் சீட்டில் ஏறி, காதுமயிர் பறக்கக் கீழே பாயும். ஏற்றத்தில் பெடலை மிதித்துப் பார்த்ததும் உண்டு. தொடையில் சுருக்கென்றதும் இறங்கிவிடும்.

"வலிக்கிற வேலை நமக்கெதுக்கு?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்.

பங்குனியில் ஒரு நாள் சூறைக்காற்று அடித்தது. மறுநாள் காலை, தூமன் ஆற்றங்கரை அத்திமரத்தடியில் பழம் தின்றுகொண்டிருந்தது. அப்போது அலகன் என்ற இருவாச்சிப் பறவை சாலையில் நடந்து வந்தது. அதன் ஒரு இறக்கை தரையில் இழுபட்டது.

"என்ன அலகா, நடந்து வர்றே?"

"கிளை முறிஞ்சு மேல விழுந்துருச்சு, அண்ணே! இறக்கை ஒடிஞ்சுபோச்சு. வலியைக்கூடத் தாங்கிக்குவேன். வெண்விழியை நெனச்சாத்தான் நெஞ்சு அடைக்குது!"

வெண்விழி அதன் பெட்டை. உச்சியில் இருந்த பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டு குஞ்சு பொரித்திருந்தது. அலகு நீட்டும் அளவுக்கு ஓர் இடுக்குதான் வழி. இறகுகளை உதிர்த்துவிட்டதால் வெளியே வந்தாலும் அதனால் பறக்க முடியாது.

"உள்ளே ரெண்டு குஞ்சு, அண்ணே. நான் கொண்டுபோய் ஊட்டினாத்தான் அவங்களுக்குச் சாப்பாடு. உச்சியில ஒரு மரத்துலயும் பழம் இல்ல. இங்கேதான் அத்தி பழுத்திருக்கு. காலையில ஒரு தடவை, பொழுது சாயறதுக்குள்ள ஒரு தடவை. உங்ககிட்ட சைக்கிள் இருக்கே!"

தூமன் ஏற்றத்தைப் பார்த்தது. இழுபடும் இறக்கையைப் பார்த்தது.

"சரி, ஏறு!" என்றது.

கூடை நிறையப் பழம் பறித்துக் கேரியரில் கட்டியது. அதன்மேல் அலகன் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது வளைவிலேயே தூமனின் தொடைகள் எரிந்தன. மூச்சு முட்டியது. இறங்கித் தள்ள ஆரம்பித்தது. உச்சியை அடையும்போது உச்சிவெயில். பழங்களில் பாதி நசுங்கிப் புளித்துப்போயிருந்தன.

தூமன் மரமேறிப் பழங்களை இடுக்கில் வைத்தது. வெண்விழியின் அலகு வெளியே வந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. உள்ளே கீச்கீச்சென்று இரண்டு குரல்கள். ஒன்று பலமாக இருந்தது. இன்னொன்று நூல்போல் மெலிந்திருந்தது.

"சின்னது ரொம்ப சோர்ந்துபோச்சு, அண்ணே," என்றது வெண்விழி. "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா?"

அலகன் மரத்தடியிலேயே தங்கிவிட்டது. அன்று இரண்டாவது தடவை போகத் தூமனால் முடியவில்லை.

மறுநாள் காலை ஆற்றங்கரையில் நயவன் என்ற நரி காத்திருந்தது. வாயில் ஒரு கொத்து இலை.

"அண்ணே, நேத்து நீங்க பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு! இது மதமதப்பு இலை. ரெண்டு இலை மென்னா இடுப்புக்குக் கீழே ஒண்ணும் தெரியாது. வலியே இல்லாம ஏறிடலாம்!"

"நெசமாவா?"

"மென்னு பாருங்க! எனக்கு ஒரு தேனடை போதும்."

தூமன் மென்றது. கால்கள் யாருடையவோபோல் ஆயின. பெடலை மிதித்தது. ஒரு வளைவு, இரண்டு, மூன்று, ஏழு! எரிச்சலும் இல்லை, சுருக்கென்ற வலியும் இல்லை. பழங்கள் பனி காயாமல் பொந்துக்குப் போய்ச் சேர்ந்தன. சாயங்காலமும் போய்ச் சேர்ந்தன.

"வலியைத் தோற்கடிச்சுட்டேன்!" என்று தூமன் கொக்கரித்தது.

இப்படி இரண்டு நாள் போனது. குஞ்சுகளின் குரல் கொஞ்சம் தேறியது. சின்னது மட்டும் இன்னும் மெலிந்தே இருந்தது.

மூன்றாம் நாள் காலையிலும் ஏறியது. மத்தியானத்துக்குமேல் தூமன் நான்கு இலைகளை ஒன்றாக மென்றது. கீழிருந்தே காற்றாய்ப் பறந்தது. எவ்வளவு வேகம் போகலாம், எங்கே குறைக்கவேண்டும் என்று சொல்ல உள்ளே யாரும் இல்லை. ஐந்தாவது வளைவில் கால்கள் சட்டென்று நின்றுவிட்டன. மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. சைக்கிள் சாய்ந்தது. தூமன் முட்புதரில் விழுந்தது. கூடை கவிழ்ந்து, பழங்கள் சரிவில் உருண்டு பள்ளத்துக்குள் போய் மறைந்தன.

எழுந்திருக்கப் பார்த்தது. முடியவில்லை. மேலே மரத்தடியில் அலகன் கூப்பிடும் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பொழுது சாய்ந்தது.

விடிந்தபிறகுதான் தூமனால் தவழ முடிந்தது. வெறுங்கையோடு மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே சருகின்மேல் கண் திறவாத சிறிய குஞ்சு செத்துக் கிடந்தது. வெண்விழி அதை இடுக்கு வழியாக வெளியே தள்ளியிருந்தது.

அலகன் தன் அலகால் குஞ்சின்மேல் சருகை இழுத்துப் போட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது தூமனுக்கு. அது மண்ணைத் தோண்டிக் குஞ்சைப் புதைத்தது. உள்ளே இன்னும் ஒரு குரல் கேட்டது. அதற்குள் கால்கள் தேறியிருந்தன. தூமன் காதைப் பொத்திக்கொண்டு ஓடி, ஐந்தாவது வளைவில் கிடந்த சைக்கிளையும் கூடையையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கியது.

ஆற்றங்கரையில் நரி காத்திருந்தது. "விழுந்துட்டீங்களாமே! இலை பத்தலை, அண்ணே. இன்னிக்கு எட்டா மெல்லுங்க!"

"வேண்டாம்."

"வலிக்குமே!"

"வலிக்கட்டும். நேத்து அது இருந்திருந்தா, நான் விழுறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கும்!"

தூமன் பழம் பறித்தது. சைக்கிளில் ஏறியது. இரண்டாவது வளைவில் தொடை எரிந்தது. வழக்கமாக இறங்கும் இடம். தூமன் இறங்கவில்லை. மிதியைக் கொஞ்சம் தளர்த்தியது. எரிச்சலும் கொஞ்சம் தணிந்தது. மறுபடி அழுத்தியது. மறுபடி எரிந்தது.

"ஓகோ! நான் அழுத்தினா நீ ஏறுறே, நான் விட்டா நீ இறங்குறே. அவ்வளவுதானா நீ?" என்று தூமன் உரக்கவே கேட்டது.

இத்தனை நாள் அது வலியின் முகத்தைப் பார்த்ததே இல்லை. பார்ப்பதற்குள் ஓடிவிடும். இப்போது பக்கத்தில் வைத்துக்கொண்டு கவனித்தது. தொடையின் முன்பக்கம் எரிந்தால் இன்னும் பலம் இருக்கிறது. கெண்டைக்கால் துடித்தால் குறைக்கவேண்டும். நாலு மிதிக்கு ஒரு மூச்சு என்றால் தாங்கும். இரண்டுக்கு ஒன்றானால் தாங்காது. நான்காவது வளைவில் இரண்டு தடவை இறங்கி நின்றது. ஐந்தாவதில் கண்ணீரும் வேர்வையும் ஒன்றாக வழிந்தன. ஆனாலும் உச்சிப்பொழுதுக்குள் மரத்தடிக்குப் போய்விட்டது.

இடுக்கிலிருந்து அலகு நீண்டது.

"அண்ணே, உங்க மூச்சு இங்கவரைக்கும் கேட்டுச்சு," என்றது வெண்விழி. "ரொம்ப வலிச்சுதா?"

"வலிச்சுது. அதான் வந்து சேர்ந்தேன்."

நாட்கள் போயின. காலையும் மாலையும் தூமன் ஏறியது. வலி ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. ஆனால் எந்த வளைவில் வரும், எவ்வளவு தூரம் கூட வரும் என்பதெல்லாம் தூமனுக்குத் தெரிந்துபோனது. இன்னும் பத்து மிதி என்று தன்னையே கேட்டு, பதினொன்றாவதையும் மிதித்துவிட்டால் நெஞ்சுக்குள் ஏதோ திறந்துகொள்ளும். அந்த எரிச்சலுக்கு நடுவே இலைகளின் பச்சை கூடத் தெளிவாகத் தெரியும். ஒரு காலை, ஐந்தாவது வளைவு வரப்போகிறது என்று நினைத்தபோது தன் மனசு துள்ளுவதைக் கண்டு தூமனுக்கே வெட்கமாக இருந்தது. சின்னக் குஞ்சு ஞாபகம் வந்து தலையைக் குனிந்துகொண்டது. பிறகு அழுத்தி மிதித்தது.

ஒரு நாள் வெண்விழி மண்சுவரைக் கொத்தி உடைத்தது. புது இறகுகளோடு வெளியே வந்தது. சில நாள் கழித்து, பெரிய குஞ்சும் வெளியே வந்து கிளையில் தடுமாறி நின்று, விழுவதுபோல் போய், பறந்தது! அலகனின் இறக்கையும் கூடியிருந்தது. கோணலாகத்தான். ஆனாலும் அடுத்த மரம்வரை பறந்தது.

"அண்ணே, இனிமே நீங்க கஷ்டப்பட வேண்டாம்!" என்றது அலகன். தன் தலையைத் தூமனின் தோளில் சாய்த்துக்கொண்டது.

மறுநாள் விடியற்காலை, முள்ளம்பன்றி ஒன்று சாலையோரம் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. கூடையில்லாத சைக்கிளில் தூமன் ஏற்றத்தில் வருவதைக் கண்டு அதற்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"கரடியாரே! குஞ்சுதான் பறந்துருச்சே! யாருக்காக இந்த மூச்சு வாங்கல்?"

"எனக்காகத்தான்!" என்றது தூமன். அதற்குமேல் பேச மூச்சில்லை. தொடைகள் எரிந்தன. அது சிரித்துக்கொண்டே அடுத்த வளைவில் திரும்பியது.

வலியை மரத்துப்போகச் செய்கிறவன் தன் பலத்தின் அளவை அறியாமல் விழுவான். அதன் பேச்சைக் கேட்டுப் பழகியவனுக்கோ அந்த வலியே வழித்துணையாகி மகிழ்ச்சியும் தரும்.