கரடி மாமன் மடி

காட்டுக்கு இந்தப் பக்கம், கம்மாய்க்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு. அந்த ஊர்ல சீனியம்மா, சீனியம்மான்னு ஒருத்தி இருந்தா. ஆளு ஒல்லிதான், ஆனா பிடிவாதம் மட்டும் உரல் கனம். அவ புருசன் மூக்கன் நல்ல மனுசன், எதைச் சொன்னாலும் சரி சரிம்பான். இவங்களுக்குக் கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சு ஒரு பொம்பளப்புள்ள பொறந்துச்சு, அதுக்கு ராக்குன்னு பேரு வச்சாங்க, வச்சு கண்ணுக்குக் கண்ணா வளத்தாங்க, வளக்க வளக்க அதுக்கு மொதப் பொறந்தநாளும் வந்துச்சு. உம் கொட்டிக்கிட்டே கேளுங்க, இல்லேன்னா நான் பாட்டுக்குப் படுத்துருவேன்.

மொதப் பொறந்தநாளுன்னா இப்ப மாதிரி கேக்கா வெட்டினாங்க? கோயில் வாசல்ல மொட்டை போட்டு, சந்தனம் பூசி, காது குத்துவாங்க. அரிசிய ஊறவச்சு வெல்லமும் தேங்காப்பல்லும் எள்ளும் போட்டுப் பிசைஞ்சு, காப்பரிசின்னு வந்தவங்களுக்கெல்லாம் கைநெறையக் குடுப்பாங்க. எல்லாஞ் சரி, ஆனா காது குத்தும்போது புள்ள தாய்மாமன் மடியிலதான் உக்காரணும். தகப்பன் மடி ஆகாது, தாத்தா மடி ஆகாது, மாமன் மடிதான். மொத வயசுல விட்டுட்டா அப்புறம் ஒத்தப்படையா மூணு வயசு வரணும், அதுவரைக்கும் மொட்டைக்காதின்னு ஊரே கூப்பிடும்.

சீனியம்மாவுக்குக் கூடப்பொறந்தவனும் இல்ல, ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பியும் இல்ல. அவளுக்கு மட்டும் இல்ல, அந்த ஊர்ல பாதிப் பொம்பளைங்களுக்கு அப்படித்தான். அந்தச் சீமை ராசாவுக்குச் சண்டைன்னா அவ்வளவு பிரியம், ஊர் ஊரா ஆளு பிடிச்சுட்டுப் போனான், போன மாமன்மாருங்க யாரும் திரும்பி வரல. ஒரே ஒருத்தர்தான் தப்பிச்சாரு, அவரு பேரு வீரணன். பேருதான் வீரணன். ராசா ஆளுங்க வந்த அன்னிக்கு நெல்லுக் குதிருக்குள்ள எறங்கி மூடிய இழுத்து மூடிக்கிட்டு மூணு நாளு உக்காந்திருந்த மனுசன்.

அந்த வீரணன் என்ன செஞ்சாரு, தன்னோட மடிய வாடகைக்கு விட ஆரம்பிச்சாரு. மாமன் இல்லாத புள்ளைக்கு வந்து உக்காருவாரு, உக்காந்ததுக்கு ஒரு வீட்டுல ஆடு வாங்குவாரு, ஒரு வீட்டுல கெடா வாங்குவாரு, ஒரு வீட்டுல கன்னுக்குட்டிய ஓட்டிக்கிட்டுப் போவாரு. இடுப்புல சொருகின பெரிய சாவிக்கொத்து ஒண்ணு, மடியில உக்காந்த புள்ளைய அது குத்தும். ஆசாரி ஊசிய எடுக்கிறதுக்கு முன்னாடியே புள்ள வீல்னு கத்தும். சரி, ஊரானுக்குத்தான் இப்படின்னா, சொந்தத் தங்கச்சி ஒச்சம்மா வந்து, "அண்ணே, எம்மகளுக்குக் காது குத்தணும்"னு நின்னதுக்கு, "ஊருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா? பால் ஆடு ஒண்ணு பிடிச்சுட்டு வா"ன்னாரு. அவகிட்ட ஆடு ஏது? அவ மக மூணு வயசாகியும் மொட்டைக்காதோட திரிஞ்சுச்சு.

பொறந்தநாளுக்கு இன்னும் எட்டு நாளு இருக்கையில வீரணன் மூக்கன் வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. தொழுவத்துல செவலைப் பசு நின்னுச்சு. அவங்களுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்.

"ஏப்பா மூக்கா, அந்தச் செவலையக் குடுத்துரு, வந்து உக்காந்துர்றேன்."

மூக்கன் சரிங்கன்னு வாயத் தொறந்தான். சீனியம்மா உலக்கையக் கீழ வச்சுட்டு வந்தா.

"பெரியவரே, எம்புள்ள குடிக்கிற பாலக் குடுத்துட்டு அது காதுல ஓட்டை போடணுமாக்கும்? நீங்க போயிட்டு வாங்க. எம்புள்ளைக்கு மாமன் வருவாரு."

"எங்கிருந்து வருவான்? வானத்துலருந்தா?"

"எங்கிருந்தோ வருவாரு. வரலேன்னா நான் போயிக் கூட்டிட்டு வருவேன்."

சொன்னவ சும்மா இருந்தாளா? ஒரு கலயத்துல கம்மங்கூழ ஊத்தி, நாலு சின்ன வெங்காயத்த முந்தியில முடிஞ்சு, ராக்குவ இடுப்புல தூக்கிக்கிட்டு மறுநாளே கெளம்பிட்டா. "எங்கடி போற?"ன்னான் மூக்கன். "அண்ணன் தேடி"ன்னா. சரின்னான். அவனுக்கு வேற என்ன வரும்?

போனா, போனா, போய்க்கிட்டே இருந்தா. கம்மாய்க்கரையில ஒரு கொக்கு நின்னுச்சு.

"கொக்காரே, கொக்காரே, உங்களுக்கு மடி இருக்கா? உக்கார மனசு இருக்கா?"

"மனசு இருக்கு தாயி, மடிதான் இல்ல. எனக்கு ஒத்தைக் கால்ல நிக்கத்தான் தெரியும். நான் உக்காந்தா மீனெல்லாம் சிரிக்கும்"னு சொல்லிட்டு அது தலையத் திருப்பிக்கிச்சு.

அப்புறம் போனா, போனா, ஒரு புதர்ல நரி படுத்திருந்துச்சு.

"நரியாரே, நரியாரே, உங்களுக்கு மடி இருக்கா? உக்கார மனசு இருக்கா?"

"ஓ, பேஷா இருக்கு. வர்றேன். வாசல்ல ரெண்டு கோழி மட்டும் கட்டி வச்சிரு."

"மடி கேட்டா கோழி கேக்குறீங்க. எங்க ஊரு வீரணனும் நீங்களும் ஒரு வயித்துப் புள்ளைங்களா?"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் பாக்காம நடந்தா.

அப்புறம் போனா, போனா, நடுக்காட்டுல ஒரு பெரிய மருதமரம். மரத்துக்கு அடியில ஒரு கரடி கரையான்புத்தக் கிளறிக்கிட்டு இருந்துச்சு. கரின்னா கரி, அவ்வளவு கறுப்பு. சீனியம்மாவுக்குப் பயமில்லாம இருக்குமா? ஆனா காலு நின்ன எடத்துலயே நின்னுச்சு.

"கரடியாரே, கரடியாரே, உங்களுக்கு மடி இருக்கா? உக்கார மனசு இருக்கா?"

கரடி நிமிந்து பாத்துச்சு. "என்னைப் பாத்தா எல்லாரும் கல்ல எடுப்பாங்க, நீ கேள்வி கேக்குற. என்ன வேணும் உனக்கு?"

அவ எல்லாத்தையும் சொன்னா. மாமன் இல்லாததச் சொன்னா, மடி வாடகையச் சொன்னா, செவலைப் பசுவச் சொன்னா. கரடி பெருமூச்சு விட்டுச்சு.

"நான் ஊருக்குள்ள வந்தா கம்பெடுத்து அடிப்பாங்க."

"அடிக்க வர்றவன் மொதல்ல என்னைத் தாண்டணும்."

"சீர் செய்ய என்கிட்ட தாம்பாளம் ஏது, தங்கம் ஏது?"

"வீட்டுல இருக்கிறதக் கொண்டாங்க."

"என் நகத்தப் பாத்தியா? புள்ள மேல பட்டா?"

சீனியம்மா கலயத்தத் தொறந்து கூழக் கையில ஊத்தி, "இந்தாங்க, வெங்காயத்தக் கடிச்சுக்கங்க"ன்னு குடுத்தா. கரடி குடிச்சுச்சு. வெங்காயத்த நறுக்குனு கடிச்சுச்சு. அதுக்குக் கண்ணு கலங்கிருச்சு. வெங்காயத்துக்கு இல்ல, பொறந்ததுலருந்து அதுக்கு யாரும் ஒரு வாய் ஊத்தினதில்ல. அது குடிச்சு முடிக்கவும் இவ புள்ளையத் தூக்கி அது மடியில வச்சுட்டு, "அண்ணே, பிடி"ன்னா.

கரடி மூச்சப் பிடிச்சுக்கிட்டு கல்லு மாதிரி உக்காந்துச்சு. ராக்கு அது முடிய ரெண்டு கையாலயும் கொத்தாப் பிடிச்சு இழுத்துச்சு, மொகத்தத் தேச்சுச்சு, மெத்துனு இருக்கவும் அப்படியே தூங்கிப்போச்சு.

மடியில புள்ள தூங்கினா என்ன செய்யணும்? அசையக்கூடாது. அது கரடிக்கு யாரு சொல்லிக் குடுத்தா? யாரும் இல்ல. எறும்பு வந்து காலக் கடிச்சுச்சு, அசையல. காலு மரத்துப்போச்சு, அசையல. அந்த நேரம் பாத்து மரத்து மேல இருந்த தேனடை வெயில்ல இளகி, சொட்டுச் சொட்டா கரடி மூக்குக்கு ஒரு சாண் தள்ளி ஒழுகுச்சு. கரடிக்குத் தேனுன்னா என்னான்னு உங்களுக்குத் தெரியும். நாக்கு ஊறுச்சு, கண்ணு அங்கயே போச்சு, ஆனா அசையல. பொழுது சாயுற வரைக்கும் அப்படியே இருந்துச்சு. சீனியம்மா எதுத்தாப்புல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. அவ மனசு நெறஞ்சுபோச்சு.

புள்ள முழிச்சதும் தூக்கிக்கிட்டு, "அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை, பொழுது உச்சிக்கு வர்றதுக்குள்ள வந்துரு"ன்னா. கரடி தலைய ஆட்டுச்சு.

வெள்ளிக்கிழமையும் வந்துச்சு. கோயில் வாசல்ல மேளம் அடிக்குது, காப்பரிசி வாசனை தூக்குது, ராக்குவுக்கு மொட்டை போட்டு சந்தனம் பூசியாச்சு. திரும்பிப் பாத்தா, மாமன் உக்கார வேண்டிய பலகையில வீரணன் சட்டமா உக்காந்திருக்காரு.

"செவலைய ஓட்டிட்டு வா மூக்கா, நான் உக்காந்தாச்சு."

"எந்திரிங்க பெரியவரே"ன்னா சீனியம்மா. "எங்கண்ணன் வழியில வந்துக்கிட்டு இருக்காரு."

ஊரே சிரிச்சுச்சு. பொழுது ஏறுச்சு, அண்ணன் வரல. இன்னும் ஏறுச்சு, வரல. உச்சிக்கு ஒரு முழந்தான் இருக்கு, வரல. மூக்கனுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல, மெதுவாப் போயி செவலைய அவிழ்த்து ஓட்டிட்டு வந்துட்டான். சீனியம்மா ஓடிப்போயி கயித்தோட இன்னொரு முனையப் பிடிச்சுக்கிட்டா.

"விடு புள்ள, ஊரு சிரிக்குது."

"சிரிக்கட்டும். விடமாட்டேன். எங்கண்ணன் அசையாம இருந்தத நான் கண்ணால பாத்தவ, நான் அசைவேனா?"

அவ சொல்லி வாய மூடல, காத்துல தேன் வாசனை வந்துச்சு. மேளம் நின்னுச்சு. தெரு முக்குல, ரெண்டு கால்ல நிமிந்து, தேக்கிலையில தேனடையும் ஈச்சம்பழமும் நெல்லிக்காயும் ஏந்திக்கிட்டு, கரடி தட்டுத் தடுமாறி நடந்து வருது. சீரச் சிந்தாமக் கொண்டு வரணும்ல, அதான் தாமசம்.

ஊரு கம்பெடுத்துச்சு. சீனியம்மா கரடிக்கு முன்னாடி போயி நின்னு ரெண்டு கையையும் விரிச்சா. "எங்கண்ணன் மேல கை வைக்கிறவன் மொதல்ல என் மேல வைங்க." ஓங்கின கம்பு ஒவ்வொண்ணாக் கீழ எறங்குச்சு.

வீரணன் பலகைய விட்டு எந்திரிக்கவே இல்ல. ஊர்த்தலைவர் அம்பலத்தப் பாத்து, "என்னங்க இது அநியாயம்? கூடப்பொறக்காத கரடி எப்படி மாமனாகும்?"னாரு.

"பெரியவரே, நீங்க இந்த ஊர்ல பதினேழு புள்ளைக்கு மடி குடுத்திருக்கீங்களே, பதினேழு தாய்க்கும் கூடப்பொறந்தீங்களா?"ன்னா சீனியம்மா. இப்பவும் ஊரு சிரிச்சுச்சு, ஆனா இந்தத் தடவை அவளப் பாத்து இல்ல.

அம்பலம் மீசையத் தடவிக்கிட்டு கரடியக் கேட்டாரு. "சீர் கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன்."

"கூலி எவ்வளவு?"

"ஒரு வாய் கூழ் ஏற்கெனவே குடிச்சிட்டேன்."

"நாளைக்கு இந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா வருவியா?"

"எந்தங்கச்சி கூப்பிட வேண்டாம், புள்ள அழுற சத்தம் கேட்டாலே வருவேன்."

அம்பலம் வீரணனப் பாத்து, "எந்திரிய்யா"ன்னாரு. ஒரே வார்த்தை.

கரடி பலகையில உக்காந்துச்சு, ராக்குவ மடியில வாங்குச்சு. ஆசாரி ஊசியப் பிடிச்சுக்கிட்டு கரடி வாயையே பாத்தாரு. "ஆசாரியாரே, என்னைப் பாக்காதீங்க, புள்ளையப் பாருங்க, காது கோணிரப் போகுது"ன்னுச்சு கரடி. சீனியம்மா புள்ள வாயில ஒரு விரல் தேன் தடவினா, அது சப்புக் கொட்டிக்கிட்டு இருக்கையிலயே ஊசி இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கம் வந்துருச்சு. புள்ள அழவே இல்ல. தங்கத் தோட்டுக்குப் பதிலா கரடி வேப்பங்குச்சிய ஒடிச்சுப் பல்லால சீவிக் குடுத்துச்சு, அதையே காதுல சொருகினாங்க.

இப்பத்தான் கதையில முக்கியமான எடம். கூட்டத்துலருந்து ஒருத்தி புள்ளையத் தூக்கிக்கிட்டு, "அண்ணே"ன்னு கூப்பிட்டுக்கிட்டே வந்தா. யாரு? வீரணன் தங்கச்சி ஒச்சம்மா. வீரணன் தங்கச்சி கொரலக் கேட்டதும் திரும்பினாரு. என்னமோ அவருக்கும் நெஞ்சு ஒரு மாதிரி ஆயிருச்சு, வேட்டிய ஒதறிக்கிட்டு ஒரு எட்டு முன்னால வச்சாரு. அவ அவரத் தாண்டிப் போனா. போயி கரடி முன்னால நின்னு, "அண்ணே, எம்மகளுக்கு மூணு வயசாச்சு, காது இன்னும் மொட்டையா இருக்கு, உம்மடியக் குடுப்பியா?"ன்னா. கரடி ராக்குவ ஒரு தொடைக்குத் தள்ளி இன்னொரு தொடையக் காட்டுச்சு.

உசிரோட மாமன் பக்கத்துல நிக்கையில, புள்ளைக்குக் கரடி மடியில காது குத்து நடந்துச்சு. இதவிட ஒரு மனுசனுக்கு என்ன தண்டனை வேணும்? ஆனா அம்பலம் விடல. "மடிக்குக் கூலி வாங்கினவன் மாமன் இல்ல. அவங்கவங்க உருப்படிய அவரு கொட்டத்துலருந்து அவிழ்த்துட்டுப் போங்க"ன்னாரு. ஆடும் கெடாவும் கன்னுக்குட்டியும் அன்னிக்கே அதது வீட்டுக்குப் போயிருச்சு.

கடைசியில சீனியம்மா காப்பரிசி குடுத்துக்கிட்டே வந்தா, வீரணன் கையிலயும் ஒரு பிடி வச்சா. "சாப்பிடுங்க, விருந்தாளிய வெறுங்கையோட அனுப்பக்கூடாது"ன்னா. தங்கச்சி மக காதுகுத்துல அவரு விருந்தாளி. அந்த வெல்லம் அவருக்கு இனிச்சிருக்கும்னா நெனைக்கிறீங்க?

தேனும் தீந்துச்சு, அரிசியும் தீந்துச்சு, மாமன் காட்டுக்குப் போனாரு, புள்ள தூளிக்குப் போச்சு. எங்க, எல்லாரும் அவங்கவங்க காதத் தொட்டுப் பாருங்க. ஓட்டை இருக்கா? அன்னிக்கு உங்களுக்காக யாரோ ஒருத்தர் அசையாம உக்காந்திருந்தாங்க. அவங்கள மறக்காம, நீங்களும் இப்ப அசையாமப் படுங்க.