நிற்கும் தூரம்

திருச்சி பாலக்கரையில் ஒரு மாடி அறையில் பர்வீன் சிறிய மாதிரி ரயில் எஞ்சின்களுக்கு பேட்டரி வைத்துக் கொடுத்துவந்தாள். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் எஞ்சினைப் பிரித்து, உள்ளே ஒரு பேட்டரியும் ரேடியோ போர்டும் பொருத்திவிட்டால், கையில் இருக்கும் ரிமோட்டாலேயே அதை ஓட்டலாம். கற்றுக்கொள்ள வந்தவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

சவரிமுத்து அவளிடம் சேர்ந்தபோது அவருக்கு அறுபத்து மூன்று. முப்பது வருடம் நிஜ ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதல் நாளே அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்று அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அவர் கொண்டுவந்தது முழங்கை நீளத்தில் ஒரு டீசல் எஞ்சின். சென்னையில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பியது. வீட்டு மொட்டை மாடியில் தண்டவாளம் போட்டு ஓட்டிவந்தார். தண்டவாளத்தில் தூசி படிந்து எஞ்சின் நடுவழியில் நின்றுவிடுகிறது, அதனால்தான் பேட்டரி கேட்கிறார் என்று நினைத்து பர்வீன் அதைக் கேட்டாள். எல்லோரும் அதற்குத்தான் வருவார்கள்.

அவர் தலையசைத்து மறுத்தார்.

"நிக்கிறது பிரச்சினை இல்ல, டீச்சர். நிறுத்தினா நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் போய்த்தான் நிக்குது. ரேடியோ வச்சா உடனே நிக்குமா?"

"முதல்ல பிரிச்சுப் பார்ப்போம், ஐயா."

பிரிப்பதற்கும் பூட்டுவதற்கும் மூன்று வாரம் ஆனது. எல்லாவற்றையும் அவரே செய்ய வேண்டும் என்றாள். எடைக்காக உள்ளே வைத்திருந்த ஈயக் கட்டியை எடுத்தார். சக்கரங்களிலிருந்து மோட்டாருக்குப் போன வயர்களை வெட்டினார். ஈயம் இருந்த இடத்தில் பேட்டரியை வைத்தார். வயர்களை போர்டில் சால்டர் வைத்துப் பற்றவைக்கும்போது அவர் கை நடுங்கவில்லை. நல்ல கை என்று பர்வீன் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

நான்காவது வாரம் திங்கட்கிழமை காலையில், அறையின் நீளத்துக்குப் போட்டிருந்த தண்டவாளத்தில் எஞ்சினை வைத்து, பின்னால் நான்கு பெட்டிகளைக் கோத்தார்கள். ரிமோட்டை அவரிடம் கொடுத்தாள். வண்டி சத்தமில்லாமல் புறப்பட்டது. பாதித் தூரத்தில் அவர் குமிழை முழுக்கத் திருப்பி நிறுத்தினார். வண்டி வேகம் குறைந்து, ஒரு கை நீளம் போய் நின்றது.

அவர் குமிழை இன்னும் திருப்பப் பார்த்தார்.

நிஜ வண்டி மாதிரி மெதுவாக நிற்பதற்கு போர்டில் ஒரு செட்டிங் இருக்கிறது என்று அவள் விளக்கினாள். அதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். எடுக்கும் முறையைக் காட்டினாள். அவர் அதைப் பூஜ்யத்தில் வைத்தார்.

மறுபடி ஓட்டி, நிறுத்தினார். எஞ்சின் சக்கரங்கள் அப்படியே பூட்டிக்கொண்டன. பின்னால் வந்த பெட்டிகள் மோதி, இரண்டு தடம் புரண்டன. எடுத்து வைத்து மறுபடி ஓட்டினார். மறுபடி விழுந்தன. பெட்டிகளைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் ஓட்டினார். பூட்டிய சக்கரத்தோடு அது ஒரு விரல்கடை வழுக்கிப் போய் நின்றது. மதியம் வரை அவர் அதையே செய்துகொண்டிருந்தார். பர்வீன் தடுக்கவில்லை.

கடைசியில் கேட்டார்.

"இந்த விரல்கடையும் இல்லாம நிறுத்த வழி இருக்கா, டீச்சர்?"

"எதிர்ல யாரு நிக்கிறாங்க?"

சவரிமுத்து ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

எட்டு வருடத்துக்கு முன்னால், அரியலூர் தாண்டி ஒரு வளைவு. புல்லுக்கட்டு வைத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தார். சைக்கிள் சிக்கிக்கொண்டது. இவர் ஹாரன் அடித்தார், அவசர பிரேக்கைப் போட்டார். அந்த மனிதர் சைக்கிளை விடவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். வண்டி எழுநூறு மீட்டர் போய்த்தான் நின்றது. விசாரணையில் டிரைவர் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அவர் இதுவரை படித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு ரயிலில் ஏறியதும் இல்லை. மகளைப் பார்க்க பஸ்ஸில்தான் போகிறார்.

"போட்டதும் நின்னிருக்கணும்," என்றார். "நான் போட்டதும் நின்னிருக்கணும்."

பர்வீன் அவர் கீழே வைத்த ரிமோட்டை எடுத்துக்கொண்டாள். போர்டின் செட்டிங்கைப் பழையபடியே மாற்றினாள். பெட்டிகளைக் கோத்தாள். தண்டவாளத்தின் ஓரிடத்தில் அவரைத் தரையில் உட்காரச் சொல்லி, உள்ளங்கையை வண்டிக்குக் குறுக்கே நிறுத்தி வைக்கச் சொன்னாள்.

"எப்ப நிறுத்தணுமோ அப்ப சொல்லுங்க. என் கையைப் பார்த்துக்கிட்டே இருங்க."

வண்டி புறப்பட்டு அவரை நோக்கி வந்தது. அவர் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஒரு முழத் தூரத்தில் வந்ததும், "நிறுத்துங்க," என்றார்.

அந்தச் சொல் முடிவதற்குள் அவள் குமிழைக் கடைசி வரை திருப்பிவிட்டாள். ரிமோட்டை அவர் பக்கம் நீட்டிக் காட்டினாள். குமிழ் பூஜ்யத்தில் இருந்தது.

வண்டி வந்துகொண்டே இருந்தது. மெதுவாக, இன்னும் மெதுவாக. அவர் கையை எடுக்கவில்லை. எஞ்சினின் முகப்பு அவர் உள்ளங்கையில் வந்து முட்டி நின்றது.

கீழே தெருவில் யாரோ ஒரு வேனைப் பின்பக்கமாக எடுக்கும் சத்தம் கேட்டது.

"என் மேல கோபமா, ஐயா?"

அவர் நிமிர்ந்தார். அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

"உங்க மேல எதுக்கு டீச்சர் கோபம்? நான் சொன்ன உடனே நிறுத்திட்டீங்க. நான்தான் பார்த்துக்கிட்டே இருந்தேனே. அதுக்கு மேல நீங்க என்ன செய்ய முடியும்?"

பர்வீன் ரிமோட்டை மேசை மேல் வைத்துவிட்டு வந்து, அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க, ஐயா."