கடைசிப் படியில் ஒரு கோடு

“டீச்சர், நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். நல்லா எரியுது. ஆனா அவ இறங்க மாட்டேங்கிறா.”

வகுப்புக்குள் நுழைந்ததும் குணசீலன் இதைத்தான் சொன்னார். ஓய்வுபெற்ற தபால்காரர். தூத்துக்குடியில் ஞாயிறுதோறும் நியான் ஸ்ட்ரிப் என்ற வளையும் விளக்குப் பட்டையில் வேலை கற்றுக்கொடுக்கும் நபிலாவுக்கு அவருடைய மகள் வயது.

மற்றவர்கள் கடைப் பெயர் செய்யவும் கல்யாண மேடைக்குப் பூ வளைக்கவும் வந்திருந்தார்கள். குணசீலன் தன் வீட்டு மாடிப்படிக்காக வந்தவர்.

அவர் மனைவி லில்லி புஷ்பத்துக்குப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது. பொழுது சாய்ந்தால் அநேகமாக ஒன்றும் தெரியாது. சர்ச் பாடகர் குழுவில் அவள் குரல்தான் முன்னால் கேட்கும். பயிற்சி சாயங்காலம். ஒருமுறை படியில் விழுந்த பிறகு அவள் போவதை நிறுத்திவிட்டாள்.

குணசீலன் செல்போனில் படத்தைக் காட்டினார்.

படியோரச் சுவரில், மேலிருந்து கீழ்வரை, ஒவ்வொரு படியின் வடிவத்திலும் வெள்ளைக் கோடு மடிந்து மடிந்து இறங்கியது.

நபிலா வெகுநேரம் பார்த்தாள்.

“ஒரு திருப்பத்துல கூட நசுங்கல சார். என் கைக்கு இது வர ரொம்ப நாளாச்சு.”

“முதல் ரோலை வெட்டுக்குறி இல்லாத இடத்துல வெட்டிட்டேன், பாதி எரியல. ரெண்டாவதை வளையாத பக்கமா வளைச்சு ஒடைச்சேன். இது மூணாவது. இதுல என்ன தப்பு?”

வகுப்பு முடிந்ததும் நபிலா ஒரு புது ரோலையும் கத்தரியையும் பைக்குள் போட்டாள்.

“வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்.”

மாடி வீட்டில் லில்லி புஷ்பம் அவளை வரவேற்றுக் காப்பி கொடுத்தாள். நபிலா ரோலை அவள் மடியில் வைத்து, இணைப்பைக் கொடுத்து எரியவிட்டாள். லில்லி புஷ்பம் அதைத் தடவினாள், விரலில் சுற்றினாள்.

“சூடே இல்லையேம்மா. இடியாப்ப மாவு மாதிரி சொன்ன பக்கம் வளையுது.”

“இதை எங்க வச்சா உங்களுக்கு நல்லாருக்கும்?”

லில்லி புஷ்பம் கணவர் இருந்த பக்கம் திரும்பினாள்.

“சொல்லு புஷ்பம்,” என்றார் குணசீலன்.

“முட்டி வலியோட குனிஞ்சு குனிஞ்சு ஒட்டினீங்க. நான் எப்படிங்க சொல்ல?”

“பரவால்ல, சொல்லு.”

“இத்தனை வருசம் இறங்கின படி. எங்க எந்தப் படின்னு என் காலுக்குத் தெரியும். எங்க முடியுதுன்னுதான் தெரியல. அன்னைக்கும் தரை வந்துட்டுன்னு நெனச்சுத்தான் விழுந்தேன். இப்போ எல்லாம் எரியுது. எனக்கு எல்லாமே கடைசிப் படி மாதிரி இருக்கு.”

குணசீலன் வெளியே போய், தான் ஒட்டியதை மேலிருந்து தானே உரித்துக்கொண்டு இறங்கினார்.

லில்லி புஷ்பம் பகல் வெளிச்சத்தில் சுவரைப் பிடித்தபடி கீழே வந்து நின்று, தரையில் காலால் கோடு போட்டுக் காட்டினாள். கடைசிப் படியின் அடியில் ஆரம்பித்து, கேட் பக்கமாக வளைந்து போகும் கோடு.

அவர் வெட்டுக்குறி பார்த்து ஒரு துண்டு வெட்டினார். முனையை மூடி ஒட்டினார். அவள் காட்டிய வளைவு பிசகாமல் பதித்தார்.

பொழுது சாய்ந்தது. லில்லி புஷ்பம் மாடியில் பாட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள். கீழே ஒரே ஒரு கோடு எரிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். தரைக்கு வந்ததும் கோடு வளைந்த பக்கம் வளைந்தாள். கேட்டைத் திறந்தாள். கேட்டருகே நின்ற அவர்களைத் தாண்டி, தெருவிளக்கு வெளிச்சத்தில் சர்ச்சுக்குப் போய்விட்டாள்.

குணசீலனுக்குக் கண் கலங்கியது.

“மூணு ரோல் வீணாக்கியும் எனக்கு இது தோணலையே டீச்சர்.”

“எனக்கும் தோணல சார்,” என்றாள் நபிலா. “அதான் அவங்ககிட்ட கேட்டேன்.”