தோற்க மறுத்த நீர்நாய்

காட்டாற்று மடு ஒன்றில் கருவாலன் என்ற நீர்நாய் தன் மனைவி செவ்வந்தியோடும், மகன் சுழியன், மகள் துள்ளியோடும் வாழ்ந்து வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் குடும்பமே கூடி விளையாடும். செவ்வந்தி ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை மடுவில் வீசும். மற்ற மூன்றும் மூழ்கித் தேடும். கல்லோடு மேலே வருபவருக்கு வெற்றி.

"இது என் அப்பா எனக்குக் கொடுத்த ஆட்டம். நாளைக்கு உங்கள் பிள்ளைகளும் ஆட வேண்டும்" என்று கருவாலன் அடிக்கடி சொல்லும்.

ஆனால் அதற்குத் தோற்கப் பிடிக்காது. எப்போதும் முந்திக்கொண்டு கல்லை எடுத்துவிடும். "நத்தைகூட உங்களைவிட வேகம்" என்று பிள்ளைகளைக் கேலி செய்யும்.

"சின்னஞ்சிறுசுகள். ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் என்ன?" என்று செவ்வந்தி கேட்டது.

"என் அப்பா எனக்கு விட்டுக்கொடுத்ததே இல்லை. நானாக ஜெயித்த அன்றுதான் தோற்றார்."

மழைக்காலம் வந்தது. மடு கலங்கிக் கிடந்தது. ஒரு மாலை செவ்வந்தி வீசிய கல் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. கருவாலன் வெறும் வாயோடு கரையேறியது. சுழியனும் களைத்துப் போய் ஏறியது. துள்ளியை மட்டும் காணோம். செவ்வந்தி பதறிப்போய் நீரில் குதிக்க இருந்த நேரத்தில் துள்ளி மேலே வந்தது. மூக்கில் ரத்தம் வழிந்தது. கல்லைக் கரையில் போட்டது.

"அப்பா, நான் ஜெயித்துவிட்டேன்!"

கருவாலன் கல்லைப் பார்த்தது. "நான் கரையேறிய பிறகு எடுத்தது செல்லாது" என்றது.

"அப்படி ஒரு விதியே இல்லையே அப்பா" என்றது சுழியன்.

"இனிமேல் உண்டு."

துள்ளி வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அதன்பின் விளையாட வரவே இல்லை. சுழியனும் ஏதாவது சாக்குச் சொல்ல ஆரம்பித்தது. வளர்ந்ததும் இரண்டும் ஆற்றில் வேறு இடம் தேடிப் போய்விட்டன. செவ்வந்தியை ஒரு முதலை கொண்டுபோயிற்று.

தனிமை தாங்காமல் கருவாலன் மகனைத் தேடிப் போனது. சுழியனின் மடுவில் பேரக்குட்டிகள் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தன. கருவாலனின் கண்கள் கலங்கின.

"வாருங்கள், உங்களுக்கு ஒரு விளையாட்டு சொல்லித் தருகிறேன்" என்று கரையில் கல் தேடியது.

சுழியன் குறுக்கே வந்து நின்றது. "எங்களோடு இருங்கள் அப்பா. மீன் பிடித்துத் தருகிறேன். அந்த ஆட்டம் மட்டும் வேண்டாம்."

"நான் போய்விட்டால் அது யாருக்கும் தெரியாமலே போய்விடும்டா."

"போகட்டும்."

"நான் தோற்கிறேன். தினமும் தோற்கிறேன். போதுமா?"

"அன்றைக்குத் துள்ளியிடம் தோற்றிருக்கலாம். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது" என்றது சுழியன்.

குட்டிகளில் ஒன்று ஓடி வந்தது. "என்ன ஆட்டம் அப்பா?"

"ஒன்றுமில்லை. போய் நீந்து."

மகன் தந்த மீனைத் தின்றுகொண்டு கருவாலன் அங்கேயே ஒதுங்கிக் கிடந்தது. அடுத்த கோடையில் செத்துப் போனது. கல் வீசித் தேடும் அந்த விளையாட்டை ஆட அந்த ஆற்றில் பிறகு எந்த நீர்நாயும் இல்லை.

பிள்ளைகளிடம் தோற்க மனமில்லாத பெற்றோரால், தாம் பெற்றதைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல முடியாது.