மீறியவள் வேம்பி

ஏரிகள் நிறைந்த தாழையூர் நாட்டை வெகுகாலத்துக்கு முன்னால் பரிதிவேலன் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் யார் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகப் பேசாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. “இன்று ரசம் பிரமாதம்” என்று சமையல்காரர் சொல்லிவிட்டால் போதும், அரசர் மோருக்குத் தாவிவிடுவார்.

அந்த ஐப்பசியில் ஓர் ஆணை பிறந்தது. பெரிய ஏரி நிரம்பியதும் அரசரே யானைமேல் வந்து மதகைத் திறப்பார். அதுவரை யாரும் தொடக்கூடாது, மீறினால் நாடுகடத்தல். வெள்ளிக்கிழமைக்குக் குறித்த அந்த விழாவுக்கென்று அரசவைப் புலவர் திருமேனிக் கவிராயர் நூறு பாட்டு எழுதிவைத்தார்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஏரித் தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட்டுவிட்டது. கரை உடைந்தால் கீழே மூன்று ஊர்கள் மூழ்கும். மதகுக் காவல்காரி வேம்பி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏரியில் குதித்தாள். இரண்டு முறை முங்கியும் மதகின் அடைப்புக் கல் அசையவில்லை. மூன்றாம் முறை நகர்ந்தது. காதில் ரத்தம் வழியக் கரையேறினாள். ஊர்கள் பிழைத்தன.

மறுநாள் அவளை அரசவையில் நிறுத்தினார்கள். பாட்டெல்லாம் வீணான ஆத்திரத்தில் கவிராயர் எழுந்தார்.

“அரசே! ‘மீறு’ என்ற சொல்லுக்கு நல்ல பொருளே கிடையாது. வரம்பு மீறினால் குற்றம், வாக்கு மீறினால் பாவம், பத்தியம் மீறினால் சாவு. இவள் உங்கள் ஆணையையே மீறினாள்!”

“எல்லா மீறலும் குற்றமாகிவிடாது, மன்னா” என்றார் அமைச்சர் மாறநம்பி.

அமைச்சர் அப்படிச் சொன்னதும் அரசர் இப்படிச் சாய்ந்தார். “இல்லவே இல்லை, அது வசைச்சொல்தான். அவை கலைவதற்குள் அந்தச் சொல் என் வாயிலிருந்து புகழ்ச்சியாக வந்தால் இவளை விட்டுவிடுகிறேன். வராவிட்டால் இவளோடு நீரும் மூட்டை கட்டும்!”

மாறநம்பி சற்று நேரம் தாடியைத் தடவினார். பிறகு வேம்பியைப் பார்த்து உதட்டைச் சுழித்தார்.

“விடுங்கள் மன்னா. இவளுக்காகப் பேசியது என் தப்பு. முழங்கால் தண்ணீரில் ஒரு கல்லை நகர்த்தியிருப்பாள். இதை யார்தான் செய்யமாட்டார்கள்?”

வேம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்த ஒரு துணையும் போயிற்றே!

“ஆமாம், ஆமாம்” என்று கவிராயர் குதித்தார். “என் வீட்டு வேலைக்காரியே செய்வாள்!”

“என்னய்யா உளறுகிறீர்?” அரசர் சிங்காசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார். “முழங்கால் தண்ணீரா? அங்கே நாலு ஆள் ஆழம்! சின்ன வயதில் அந்த மதகில் நான் முங்கியிருக்கிறேன். கோடைத் தண்ணீரிலேயே பாதியில் மூச்சு முட்டித் திரும்பிவிட்டேன். இவளோ வெள்ளத்தில் மூன்று முறை இறங்கியிருக்கிறாள். இரண்டு மல்லர்கள் சேர்ந்து தள்ளும் அடைப்பு அது. தன் சக்தியையே மீறி அல்லவா இவள்...”

பேச்சு பாதியில் நின்றது. மாறநம்பி கைகூப்பி நின்றார்.

அரசர் அவரை முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “என் குணத்தை வைத்தே என்னைப் பிடித்துவிட்டீரே! ஏனம்மா வேம்பி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?”

“அனுப்பினேன் சாமி. வெள்ளிக்கிழமைதான் நல்ல நேரம்னு போன ஆளைப் புலவரய்யா அரண்மனை வாசல்லயே திருப்பிட்டாராம்.”

அரசரின் சிரிப்பு அடங்கியது.

“கவிராயரே, இனி மதகைத் திறப்பதும் மூடுவதும் இவள் விருப்பம். என் உத்தரவுகூட வேண்டாம். இதை அந்த மூன்று ஊருக்கும் நடந்தே போய் நீரே சொல்லிவிட்டு வாரும். தடுத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லும்.”

கவிராயர் தலை தொங்கிவிட்டது. அரசர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வேம்பியிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

“மறுபடி மழை வருது சாமி, நான் போகணும்” என்று திரும்பி நடந்தாள்.

அரசர் அமர்ந்திருக்கும்போது யாரும் அவையை விட்டுப் போகக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். காவலன் பதறி ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

பரிதிவேலன் சட்டென்று எழுந்து நின்றார். அவள் வாசலைத் தாண்டிப் படியிறங்கும்வரை உட்காரவே இல்லை.