குழந்தைத் தண்ணி

"எனக்கு எப்பத்தான் பேய்த் தண்ணி குடுப்பீங்க, அம்மணி?"

குழந்தைவேலு இதைக் கேட்காத நாளில்லை. அன்றைக்குக் கேட்டபோது குரலில் கெஞ்சல் இல்லை. இல்லையென்றால் ஊருக்கே கிளம்பிவிடுவதென்று பையைக் கட்டி முகாம் வாசலில் வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

அந்த ஆற்றில் ரப்பர் படகு விடுகிறவர்கள் தண்ணீரை மூன்றாகப் பிரித்துப் பெயர் வைத்திருந்தார்கள். காட்டை விட்டு வெளியே வந்து அகலமாக ஓடும் கடைசித் துண்டு குழந்தைத் தண்ணி. அதற்கு மேலே, பாறைகளுக்கு நடுவே வளைந்து வருவது ஆள் தண்ணி. அதற்கும் மேலே, மலை இடுக்கில் வெள்ளையாய்க் கொதித்து விழுவது பேய்த் தண்ணி. அங்கே படகில் இருக்கிற அத்தனை பேரும் துடுப்புப் போட்டால்தான் கரை சேரலாம்.

யாருக்கு எந்தத் தண்ணி என்று சொல்ல வேண்டியவர் அன்னக்கொடி. குழந்தைவேலுவைவிட வயதில் சின்னவர்தான். ஆனால் ஆசான் ஆசான்தான். மொத்த முகாமும் அவரை அம்மணி என்றே கூப்பிட்டது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் பெரும்பாலும் எழுந்து போய்விடுவார்.

குழந்தைவேலுவும் லேசுப்பட்ட ஆளில்லை. மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். தன் வண்டியில் ஏறிய ஒருத்தர்கூட வாந்தி எடுத்ததில்லை என்பது அவருடைய பெருமை. கண்ணாடியில் தெரியும் தூங்குமூஞ்சிகளைப் பார்த்தபடியே பாதி ஆயுசு போய்விட்டதே என்று ஒருநாள் மனசுக்குள் என்னவோ செய்தது. வேலையை விட்டுவிட்டு ஆற்றுக்கு வந்துவிட்டார்.

ஆற்றிலும் அதே சுத்தமான ஓட்டம்தான். ஏறுகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். பேசாம உக்காந்து கயிறைப் புடிச்சுக்குங்க, மத்ததை நான் பாத்துக்கறேன். அவர்கள் கையில் கொடுக்கும் துடுப்பு போட்டோவுக்கு.

முகம் நனையாமல் கரை சேர்ப்பார். இறங்குகிறவர்கள் நன்றி சொல்லிவிட்டு, டீ எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள்.

அன்னக்கொடி வாசலில் இருந்த பையைப் பார்த்தார். கையை நீட்டினார்.

"உங்க துடுப்பைக் குடுங்கண்ணா."

பெரிய துடுப்பாகத் தரப்போகிறார் என்று குழந்தைவேலு சந்தோஷமாகக் கொடுத்தார். அன்னக்கொடி அதை வாங்கிக் கூரையில் செருகினார். திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனிப் பெண்கள் ஆறு பேர் வந்திருப்பதாகவும், அவர்களைக் குழந்தைத் தண்ணியில் கூட்டி வரும்படியும் சொன்னார்.

"துடுப்பில்லாம எப்படீங்க?"

"நீங்க கேட்டது பேய்த் தண்ணிதானே" என்றார் அன்னக்கொடி.

எழுந்து போய்விட்டார்.

*

வந்தவர்கள் நாளெல்லாம் செக்கிங் டேபிளில் நின்று துணி பார்க்கிறவர்கள். அவர்களில் மயிலாத்தாள் என்பவர் ஹெல்மெட்டையே தொட மறுத்தார். எல்லார் செருப்பையும் பார்த்துக்கொண்டு கரையிலேயே இருப்பதாகச் சொன்னார். உன் செருப்பைக் குரங்குகூடத் தூக்காது என்று மற்றவர்கள் கேலி செய்து, இழுத்து வந்து முன்வரிசையில் உட்கார்த்தினார்கள். மயிலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டார்.

குழந்தைவேலு பின்னால் உட்கார்ந்தார். வெறுங்கை. ஸ்டியரிங்கைக் கழற்றிய பஸ்ஸில் டிரைவர் சீட்டில் ஏறிய மாதிரி இருந்தது.

பழக்கதோஷத்தில், பேசாம உக்காந்து கயிறைப் புடிச்சுக்குங்க என்றார்.

பேசாமல் பிடித்துக்கொண்டார்கள்.

படகு தன்பாட்டுக்கு ஒரு சுற்றுச் சுற்றி, முதுகைக் காட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. யாரிடமாவது ஒரு துடுப்பைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று கை பரபரத்தது. ஆறு பேரும் துடுப்பைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தார்கள். பிடுங்க மனசு வரவில்லை.

தினமும் தட்டிவிட்டுப் போகிற எருமைப்பாறை அன்றைக்கு மலை மாதிரி எதிரே வந்தது.

மோதியது. படகு பக்கவாட்டில் பாறையோடு ஒட்டிக்கொண்டது. பயத்தில் எல்லாரும் பாறையை விட்டு விலகி, தண்ணீர் வருகிற பக்கமாய் ஒதுங்கினார்கள். அந்தப் பக்கம் தாழ்ந்தது. தண்ணீர் உள்ளே ஏறியது. இன்னும் கொஞ்சம் தாழ்ந்தால் கவிழ்ந்துவிடும்.

குழந்தைவேலு தன் உடம்பைப் பாறைப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். ஆறு பேர் கனத்துக்கு முன்னால் அவர் ஒருத்தர் எம்மாத்திரம்?

மயிலாத்தாள் கண்ணைத் திறந்தார்.

"ஏனுங்கண்ணா, நாங்க என்ன பண்ணோணும்?"

பஸ்ஸிலும் சரி, படகிலும் சரி, இதை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்க அவர் விட்டதில்லை.

"இந்தப் பக்கம் வாங்கக்கா. கட்டிப் புடிங்க."

"யாரைங்க?"

"பாறையைங்கக்கா."

அந்த நிலைமையிலும் ஒருத்தி சிரித்துவிட்டாள். மயிலாத்தாள் சிரிக்கவில்லை. எழுந்து அப்படியே போய்ப் பாறைமேல் விழுந்து கட்டிக்கொண்டார். மற்ற ஐந்து பேரும் அவர்மேல் விழுந்தார்கள். கனம் மாறியது. படகு முனகிக்கொண்டே நிமிர்ந்து, பாறையை உரசி வழுக்கி வெளியே வந்தது.

அதற்கப்புறம் குழந்தைவேலு வாய் ஓயாமல் பேசினார். துடுப்பை எப்படிப் பிடிப்பது, எங்கே குத்துவது என்றெல்லாம் சொன்னார். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், மேசையில் துணியை எப்படி வாகாய் இழுப்பீர்களோ அப்படித் தண்ணீரை இழுங்கள் என்றார். ஆறு துடுப்பும் ஒன்றாய் விழுந்தன.

அடுத்த சரிவில் அலை முகத்தில் அறைந்தது. அதற்கடுத்ததில் மயிலாத்தாளே முன்னாலிருந்து குரல் கொடுத்தார். இழுங்கடி, இழுங்கடி என்று அவர் போட்ட சத்தத்தில் கரையிலிருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தன.

*

இறங்குதுறையில் அன்னக்கொடி நின்றிருந்தார்.

படகு முழுக்கத் தண்ணீர். குழந்தைவேலுவின் முழங்கையில் சிராய்ப்பு. ஆறு பெண்களும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். ஆனாலும் இறங்க மனசில்லாமல் ஆற்றையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு ஓட்டிட்டு வந்தது?" என்றார் அன்னக்கொடி.

"நாந்தானுங்க" என்றார் மயிலாத்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "இந்தண்ணன் சும்மா பின்னால உக்காந்து கத்திக்கிட்டு வந்தாரு."

அன்னக்கொடி குழந்தைவேலுவைப் பார்த்தார்.

"அப்படியாங்கண்ணா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். மயிலாத்தாளின் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க அம்மணி. அந்தக்காதான் ஓட்டுச்சு."

சொல்லும்போது, எந்தக் கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸைத் திருப்பியபோதும் விம்மாத அளவுக்கு அவர் நெஞ்சு விம்மியது. ஏன் என்று அவருக்கே புரியவில்லை.

"பேய்த் தண்ணிக்கு ஜீப்பு கிளம்புது" என்றார் அன்னக்கொடி. "ஏறுங்கண்ணா."