தைலம் மணக்கும் குட்டி

“ஒண்ணு அந்த ஆளைக் கிளப்பு. இல்லன்னா குட்டிக்குக் குழி வெட்டு” என்றார் மந்தைக்குத் தலைவரான கோட்டைச்சாமி கீதாரி.

சாத்தையா இரண்டையும் செய்யாமல் மழையில் நின்றான். கையில் மத்தியானம் பிறந்த செம்மறிக்குட்டி. தாய் நக்கி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குட்டியின் காது சில்லிட்டிருந்தது. கத்துவதையும் நிறுத்திவிட்டது. பங்குனியில் இப்படிக் கொட்டும் என்று யார் கண்டது.

அறுப்பு முடிந்த வயல் அது. எருவுக்காக ஆடுகளை அங்கே அடைத்துக் கிடை போட்டிருந்தார்கள். நனையாத இடம் இரண்டுதான். ஒன்று, குட்டிகளைக் கவிழ்த்து மூடுகிற கூடை. அதற்குள் கீதாரியின் குட்டிகள் இரண்டு கிடந்தன. மூன்றாவதைத் திணித்தால் ஏதாவது ஒன்று மூச்சு முட்டிச் சாகும். இன்னொன்று, காவலுக்குப் படுக்கிற பனையோலைக் கூண்டு. வயலுக்கு வயல் தூக்கிக்கொண்டு போகலாம். இரண்டு பேர் படுத்தால் மூன்றாமவன் உட்காரக்கூட இடமிருக்காது.

அந்த இரண்டு பேர் உள்ளே இருந்தார்கள். திருச்சியிலிருந்து வந்த பிலவேந்திரனும் அவர் மனைவி ஜெசிந்தாவும். லீவு விட்டால் ஊர் ஊராக நடப்பார்கள். லாட்ஜில் தங்கமாட்டார்கள். முந்தாநாள் உப்பளத்துக் கொட்டகை, நேற்று கோயில் தேர் நிற்கிற ஒரு தேர்முட்டி, இன்றைக்குக் கிடை. காலையில் வந்து கேட்டபோது, “விடியிறவரைக்கும் கூண்டு உங்களுது, மழையே வந்தாலும் எழுப்பமாட்டேன்” என்று சாத்தையாதான் வாக்குக் கொடுத்தான். கேட்க நன்றாக இருக்கிறதே என்று சொன்னது. வானத்தைப் பார்த்துச் சொன்னதில்லை.

இப்போது பிலவேந்திரனுக்குக் குளிர்காய்ச்சல். பல் அடித்துக்கொண்டது. ஜெசிந்தா அவர் நெஞ்சிலும் முதுகிலும் தலைவலித் தைலத்தை அப்பியிருந்தாள். கூண்டுக்குள் போனால் கண் கரிக்கும், அப்படி ஒரு வாடை. ஊருக்குள் அனுப்பலாம் என்றால் குறுக்கே ஓடை. அது இடுப்புக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது.

“காய்ச்சக்காரரை ஓடையில இறக்கவா மாமா?” என்றான் சாத்தையா.

“மழைன்னா கூண்டு குட்டிக்குத்தான், மனுசனுக்கு அப்புறம். எங்கப்பன் காலத்து வழக்கம். உன் குட்டி, உன் விருந்தாளி. எனக்கென்ன வந்துச்சு.”

அவருக்கு ஒன்றும் வரவில்லை, அது உண்மை. சாத்தையா ஒரு வருஷம் மேய்த்ததற்குக் கூலியாக வாங்கியது ஒரே ஒரு ஆடு. அதன் தலையீத்து இந்தக் குட்டி. அவன் மந்தை என்று சொல்லிக்கொள்ள இந்தத் தாயும் பிள்ளையும் தவிர வேறு கிடையாது.

கூண்டு வாசலில் ஜெசிந்தா தலை நீட்டினாள். “தம்பி, எதுக்கு நிக்கிறீங்க? குட்டியை இப்படிக் குடுங்க. எங்க நடுவுல படுத்துக்கட்டும்.”

“வேணாம்க்கா. ஆடு மோந்துதான் பிள்ளையைத் தெரிஞ்சுக்கும். வேற வாடை ஏறுச்சுன்னா முட்டித் தள்ளிரும்.”

“செத்த குட்டியை மோந்து என்ன பண்ணப் போகுது?”

சாத்தையா குனிந்து குட்டியைக் கொடுத்துவிட்டான். அவள் தைலக் கையாலேயே குட்டியைத் துவட்டி, புருஷனின் வயிற்றோரம் அணைத்து வைத்தாள். ஒரு குப்பியை வெளியே நீட்டி, “நீங்களும் நெஞ்சுல தடவிக்கோங்க, நனைஞ்சு போய் நிக்கிறீங்க” என்றாள். அவன் வாங்கி மடியில் செருகிக்கொண்டான்.

கீதாரி சிரித்தார். “ஆகா. பிள்ளைக்குத் தைலம் தேய்ச்சாச்சு. ஆத்தாளை மட்டும் ஏன் விட்ட? போ, அவ மூக்குலயும் தடவு. குடும்பமே மணக்கட்டும்.”

சாத்தையாவுக்குக் காது எரிந்தது. போய், காற்றில் கூண்டு பறக்காதபடி அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பொழுது சாய்கிற நேரம் மழை விட்டது. குட்டி காய்ந்து, சூடேறி, தானாக எழுந்து நின்று கத்தியது. பிலவேந்திரன்கூட அந்த நடுக்கத்தில் சிரித்தார். சாத்தையா அதைத் தூக்கிக்கொண்டு தாயிடம் ஓடினான்.

தாய் மோந்தது. இன்னொரு தடவை மோந்தது. முட்டித் தள்ளியது.

அவன் ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டு குட்டிக்கு ஊட்டினான். அந்த ஒரு வேளை குடித்தது. கையை எடுத்ததும் மறுபடி முட்டு. விடிந்தால் மந்தை அடுத்த ஊருக்கு நடக்கும். வேளைக்கு வேளை ஆட்டைப் பிடித்து ஊட்டுகிறவனுக்கு மந்தை காத்திருக்காது. குட்டி சேற்றில் விழுந்து எழுந்து, திரும்பவும் தாயிடமே போனது. பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒருவர் வழக்கத்தைப் பிடித்தார். ஒருத்தி இரக்கத்தைப் பிடித்தாள். ஒருவன் வாக்கைப் பிடித்தான். மூவரில் யார் செய்தது சரி? அந்தக் குட்டியைத் தாயோடு சேர்க்க வழி இருந்ததா, இல்லையா?

விடை: கீதாரி சொன்னபடி நடந்திருந்தால் ஒரு மனுசனை ஓடை கொண்டுபோயிருக்கும். ஜெசிந்தா சும்மா இருந்திருந்தால் குட்டி அங்கேயே விறைத்திருக்கும். சாத்தையா வாக்குத் தவறாததில் குற்றம் இல்லை. ஆக, மழைக்குள் நடந்தவரை ஜெசிந்தா செய்ததுதான் சரி. மழை விட்ட பிறகு வழி இருந்தது. தாய் மூக்கில் அதே தைலத்தைப் பூசினால் அதற்கு உலகமே தைலம்தான். எது தன் பிள்ளை, எது அயல் வாடை என்று பிரிக்கத் தெரியாது. மடியில் பால் கட்டி வலிக்கிறபோது, கத்துகிற குட்டிக்குக் காலை அகற்றிக் கொடுத்துவிடும். தைல வாடை போகிற நாளில், குடித்த தன் பாலே குட்டியிடம் மணக்கும், பிறகு தள்ளாது. கீதாரி கேலிக்குத்தான் சொன்னார். ஆனாலும் சொன்னார். குப்பியும் சாத்தையாவின் மடியிலேயே இருந்தது. அவன் தடவவில்லை.